நாற்பதுகளில் விறைப்புக் குறைபாடு: மாத்திரை எழுதும் முன் ரத்தக்குழாயைப் பார்க்கிறோமா?

1. நாடித்துடிப்பு (இதய மருத்துவம்)

நாற்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் பி.பி. பார்க்க வந்து, எழுந்து போகும்போது கதவருகில் நின்று "முன்ன மாதிரி இல்ல டாக்டர்" என்கிறார். 50 மி.கி. சில்டெனாஃபில் (வயாகராவின் மருந்துப் பெயர்) எழுதிக் கொடுக்கிறோம். மாத்திரை வேலை செய்துவிட்டால் அவர் திரும்பி வருவதில்லை. இந்த இழையைத் தொடங்கக் காரணம் அதுதான். அவர் சொன்னதை நெஞ்சுவலி என்று சொன்னதுபோலக் காதில் வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

கணக்கு எளிது. ஆணுறுப்புக்குள் போகும் தமனியின் உள்விட்டம் 1 முதல் 2 மி.மீ. இதயத் தமனி 3 முதல் 4 மி.மீ., மூளைக்குப் போகும் கழுத்துத் தமனி 5 முதல் 7, தொடைத் தமனி 6 முதல் 8. கொழுப்புப் படிவு உடம்பு முழுக்க ஒரே சமயத்தில் தொடங்கினாலும் சின்னக் குழாய்தான் முதலில் திணறும். அதே தடிப்பு இதயத் தமனியில் இருந்தால் ஆளுக்கு ஒன்றுமே தெரியாது, மாடிப்படி ஏறினாலும் தெரியாது.

மிலான் நகரில் மோன்டோர்சி குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். நெஞ்சுவலியோடு வந்து, ஆஞ்சியோகிராமில் அடைப்பு உறுதியான 300 பேர். அவர்களில் 49 சதவீதம் பேருக்கு விறைப்புக் குறைபாடு இருந்தது. அந்த 49 சதவீதத்தில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு இதய அறிகுறிக்கு முன்பே அது வந்திருந்தது. சராசரி இடைவெளி 38.8 மாதம். மூன்று வருஷத்துக்கு மேல்! ரத்த அழுத்தத்தைக் குறைக்கவும், புகையை விடவைக்கவும், ஸ்டேட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை) ஆரம்பிக்கவும் அது தாராளமான காலம்.

2. சிறுநீரியல்மேசை

ஐயா சொல்வது சரி. விட்டத்தோடு இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அடைப்பு விழுவதற்கு முன்பே குழாயின் உள்படலம் கெட்டுவிடுகிறது. விறைப்பு என்பது முழுக்க நைட்ரிக் ஆக்சைடு வேலை. நரம்பு முனையிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு தொடங்கி வைக்கிறது. ரத்தம் வேகமாகப் பாயும்போது உள்படலம் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு அதைத் தாங்கிப் பிடிக்கிறது. அது தசைக்குள் போய் சைக்ளிக் ஜிஎம்பி என்ற தூதுப் பொருளைக் கூட்ட, தசை தளர்ந்து பஞ்சுபோன்ற திசுவில் ரத்தம் நிரம்புகிறது. சர்க்கரை, புகை, உயர் அழுத்தம், கெட்ட கொழுப்பு நான்குமே இந்த உள்படலத்தைத்தான் முதலில் தாக்குகின்றன. அதனால்தான் "ஆரம்பிக்குது, ஆனா நிக்க மாட்டேங்குது" என்று சொல்பவரைக் கூடுதல் கவனத்தோடு கேட்கிறோம். சிரைக்கசிவிலும் (உள்ளே போன ரத்தம் தங்காமல் சிரை வழியே வெளியேறுவது) பதற்றத்திலும் இதே புகார் வரலாம் என்பதால் அதை வைத்து மட்டும் முடிவு கட்டுவதில்லை.

ஆனால் வருகிற எல்லோரையும் இதய நோயாளியாக்கிவிடக் கூடாது. முதலில் பிரிக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட நாளில் சட்டென்று தொடங்கியதா? விடியற்காலை விறைப்பு பழையபடி உறுதியாக இருக்கிறதா? தனியாக இருக்கும்போது சரியாகவும் துணையோடு மட்டும் தடுமாற்றமாகவும் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் பெரும்பாலும் பதற்றம், மனஅழுத்தம், உறவுச் சிக்கல். மாறாக, எப்போது தொடங்கியது என்றே சொல்ல முடியாமல் மெல்ல மெல்லக் குறைந்து, விடியற்காலை விறைப்பும் சேர்ந்து மங்கியிருந்தால் ரத்தக்குழாய்ப் பக்கம் திரும்ப வேண்டும். நடைமுறையில் இரண்டும் கலந்துதான் வரும். குழாய்க் கோளாறு வந்தவருக்கு நாலு தடவை தோற்றதும் பயம் சேர்ந்துகொள்கிறது. "எல்லாம் மனசுதான்" என்று முத்திரை குத்தி அனுப்பினால் அடியில் இருப்பது தப்பிவிடும்.

விறைப்பை மதிப்பெண்ணால் அளக்கும் ஐந்து கேள்விப் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள். 22 முதல் 25 வரை இயல்பு, 17 முதல் 21 லேசானது, 12 முதல் 16 லேசுக்கும் நடுத்தரத்துக்கும் இடை, 8 முதல் 11 நடுத்தரம், 5 முதல் 7 கடுமை. முந்தைய ஆறு மாதத்தை நினைத்துப் பதில் எழுத வேண்டும், போன வாரத்தை அல்ல. இந்த எண் இருந்தால்தான் சிகிச்சைக்குப் பிறகு ஒப்பிட முடியும்.

3. குடும்பவைத்தியம்

ஒரு சந்தேகம். எழுபது வயதில் விறைப்புக் குறைவது சகஜம். மாசசூசெட்ஸ் ஆய்வில் 40 முதல் 70 வயதுக்காரர்களில் 52 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இருந்தது. பாதிப்பேருக்கு இருப்பதை எச்சரிக்கை என்று எப்படிச் சொல்வது?

4. நாடித்துடிப்பு

சரியான கேள்வி. வயதைப் பொறுத்துத்தான் இந்த அறிகுறிக்கு எடை. மினசோட்டாவின் ஓல்ம்ஸ்டெட் மாவட்டத்தில் 1402 ஆண்களைப் பத்து ஆண்டு தொடர்ந்து பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். நாற்பதுகளில் இருந்தவர்களில், குறைபாடு இல்லாதோருக்கு ஆயிரம் ஆள்-ஆண்டுக்கு (ஆயிரம் பேரை ஓராண்டு பார்ப்பதற்குச் சமம்) 0.94 பேருக்கு இதயத் தமனி நோய் வந்தது. குறைபாடு இருந்தோருக்கு 48.52. எழுபதைத் தாண்டியவர்களிடம் 23.3க்கு 29.63, அவ்வளவுதான் வித்தியாசம். ஆக எழுபதில் அது வயதின் குரலாக இருக்கலாம். நாற்பதில் அப்படி எடுத்துக்கொள்ளவே கூடாது.

55 வயதைக் கடந்தவர்களை வைத்து 2005இல் வந்த பெரிய ஆய்வில், புதிதாகக் குறைபாடு வந்தவர்களுக்கு இதய நிகழ்வு ஆபத்து 25 சதவீதம் கூடுதல். புகைப்பழக்கத்துக்கும், குடும்பத்தில் மாரடைப்பு இருப்பதற்கும் நாம் கொடுக்கும் எடையோடு ஒப்பிடத்தக்கது இது. அந்த இரண்டையும் எல்லோரிடமும் கேட்கிறோம். இதை மட்டும் கேட்பதில்லை. இதய ஆபத்தைக் கணிக்கும் பிரிட்டனின் கியூரிஸ்க்3 கணக்கீட்டில் 2017 முதல் விறைப்புக் குறைபாடு தனிக் காரணியாகச் சேர்ந்துவிட்டது. நாம் பயன்படுத்தும் பல கணக்கீடுகளில் இன்னும் அந்தக் கட்டமே கிடையாது. அதனால் அவை சொல்லும் ஆபத்தைக் குறைவான மதிப்பீடாகவே எடுத்துக்கொள்கிறேன்.

5. குடும்பவைத்தியம்

தெளிவாகிவிட்டது, நன்றி. முதல் சந்திப்பில் என்னென்ன செய்யலாம் என்று எழுதுகிறேன், திருத்துங்கள்.

ரத்த அழுத்தம்: ஐந்து நிமிடம் உட்கார வைத்து, முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, கை இதய மட்டத்தில். பேசவிடாமல் இரண்டு முறை. கைப்பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடிக் காட்டும். பருமனானவர்களுக்குப் பெரிய பட்டை வேண்டும். இடுப்புச் சுற்றளவு. கால் நாடிகள். ரத்தத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரை, ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கொழுப்பு விவரம், கிரியேட்டினின். சிறுநீரில் அல்புமின். ஓர் ஈசிஜி. காலை 7 முதல் 11 மணிக்குள் டெஸ்டோஸ்டிரோன்.

ஹெச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை வந்தால் "எல்லைக்கோடுதான், பரவாயில்லை" என்று விட்டுவிடுகிறோம். விறைப்புக் குறைபாட்டோடு வரும் 6.1ஐயும் அப்படி விடலாமா என்பதுதான் என் கவலை.

6. இன்சுலின்பேனா (நீரிழிவு)

விடக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கு விறைப்புக் குறைபாடு மற்றவர்களைவிடப் பத்துப் பதினைந்து ஆண்டு முன்னதாகவே வருகிறது. சிலருக்கு நோயே இந்தப் புகாரால்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. இவர்களிடம் உள்படலமும் கெடுகிறது, நரம்பும் கெடுகிறது, இரண்டு அடி. நரம்பு கெட்டவர்களுக்கு மாரடைப்பிலும் வலி தெரியாமல் போகலாம். நெஞ்சுவலி என்ற மணி அடிக்காத உடம்பில் இந்தப் புகார் ஒன்றுதான் வெளியே கேட்கும் சத்தம். இதைக் கேட்கத் தவறினால் அடுத்து வருவது நேராக அவசர சிகிச்சைப் பிரிவாக இருக்கலாம்.

டெஸ்டோஸ்டிரோன் பற்றி ஒரு வார்த்தை. ஒரே ஒரு மாலை நேரப் பரிசோதனையை வைத்து ஊசி போடுகிறார்கள், தவறு. காலை அளவு, வெறும் வயிற்றில், இரண்டு வெவ்வேறு நாளில் குறைவாக இருந்தால்தான் குறைவு. அமெரிக்க சிறுநீரியல் சங்கம் டெசிலிட்டருக்கு 300 நானோகிராம் என்று எல்லை வைக்கிறது. தொப்பையும் சர்க்கரையுமே இதைக் குறைக்கும், எடை இறங்கினால் ஏறும். இரண்டு முறையும் குறைவென்றால் எல்ஹெச், புரோலாக்டின் ஹார்மோன்களைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி.

7. மருந்துப்பெட்டி (மருந்தியல்)

மருந்துப் பக்கம் நான் பேசுகிறேன். இங்கே ஆள் சாகும் தவறு ஒன்று இருக்கிறது.

நைட்ரேட், அதாவது நெஞ்சுவலிக்குத் தரும் ரத்தக்குழாய் விரிப்பான். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை, ஸ்ப்ரே, தோலில் ஒட்டும் பட்டை, ஐசோசார்பைடு டைநைட்ரேட், மோனோநைட்ரேட், கூடவே நிகோராண்டில். இவற்றில் எது இருந்தாலும் சில்டெனாஃபில் வகை கூடவே கூடாது. அழுத்தம் சரசரவென்று சரிந்துவிடும். நேர இடைவெளி: சில்டெனாஃபில், வார்டெனாஃபில் சாப்பிட்டு 24 மணி நேரம், தடாலாஃபில் என்றால் 48 மணி நேரம் நைட்ரேட் தரக் கூடாது. அதற்குப் பிறகும் கண்காணிப்போடுதான். "இதய மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் போதாது. "நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை சட்டைப் பையில வச்சிருக்கீங்களா?" என்று கேளுங்கள். தினமும் சாப்பிடாததை மாத்திரைக் கணக்கில் பலரும் சேர்ப்பதில்லை. நுரையீரல் தமனி அழுத்தத்துக்குத் தரும் ரியோசிகுவாட்டும் விலக்கு.

புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் போன்ற ஆல்ஃபா தடுப்பான் எடுப்பவருக்கு, அந்த மருந்து நிலைப்பட்ட பிறகு 25 மி.கி.யில் தொடங்குங்கள். எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் உடன் இருந்தாலும் 25 தான். ரிட்டோனவிர் (எச்.ஐ.வி. மருந்து) என்றால் 48 மணி நேரத்தில் 25ஐத் தாண்டக் கூடாது.

"மாத்திரை கேக்கல" என்று வருபவர்களில் கணிசமானோர் சாப்பிட்ட விதமே தவறு. சில்டெனாஃபிலை எண்ணெய் மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் போட்டால் வேலை தொடங்குவது தள்ளிப்போகும், வீச்சும் குறையும். வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். போட்டுவிட்டு சும்மா காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. தூண்டுதல் வேண்டும், ஏனென்றால் மாத்திரை நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குவதில்லை, அதன் விளைவு கரையாமல் பார்த்துக்கொள்கிறது. ஆறிலிருந்து எட்டு முறை முறையாக முயன்ற பிறகுதான் தோல்வி என்று எழுதலாம். தடாலாஃபிலுக்குச் சாப்பாடு தடையில்லை. அரை ஆயுள் 17.5 மணி, தினமும் 5 மி.கி. முறையும் உண்டு.

முறையாகச் சாப்பிட்டும் கேட்கவில்லை என்றால் குழாய் நிறையவே கெட்டிருக்கலாம். அவரை அளவு கூட்டி அனுப்பிவிடாமல் நாடித்துடிப்பு ஐயாவிடம் அனுப்புங்கள்.

இன்னொன்று, "இயற்கை மூலிகை வீரியப் பொடி". இப்படி விற்பவற்றில் சில்டெனாஃபிலை லேபிளில் சொல்லாமல் கலப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறது. நைட்ரேட் எடுப்பவர் மூலிகைதானே என்று நம்பிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். பொடி, லேகியம் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

8. குடும்பவைத்தியம்

பி.பி. மாத்திரையால்தான் இப்படி ஆனது என்று நிறுத்திவிடுகிறார்களே?

9. மருந்துப்பெட்டி

அட்டனலால், ப்ரோபிரனலால், தயசைடு வகை நீர் மாத்திரை, ஸ்பைரனோலாக்டோன் மீது பழி உண்டு, ஓரளவு நியாயமும் உண்டு. மனச்சோர்வு மாத்திரைகளில் பலவும் சேரும். ஆனால் 2003இல் ஓர் ஆய்வு வந்தது. புதிதாக இதய நோய் கண்ட 96 ஆண்களுக்கு அட்டனலால் கொடுத்தார்கள். என்ன மருந்து என்றே சொல்லப்படாதவர்களில் 3.1 சதவீதம் பேருக்குத்தான் விறைப்புக் குறைந்தது. மருந்தின் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் 15.6. பக்கவிளைவையும் சொல்லிக் கொடுக்கப்பட்டவர்களில் 31.2. பயமே பாதி வேலை செய்கிறது.

பீட்டா தடுப்பான் தேவையென்றால் நெபிவோலால் பரவாயில்லை. அது உள்படலத்தின் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டுகிறது. லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் வகை பொதுவாக இந்தப் பக்கம் தொந்தரவு தருவதில்லை. மாற்றலாம்; அவராகவே நிறுத்தவிடாதீர்கள், பீட்டா தடுப்பானைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலி கிளம்பும்.

10. சிறுநீரியல்மேசை

டாப்ளர் (ஒலியலையால் ரத்த ஓட்டத்தின் வேகத்தை அளக்கும் ஸ்கேன்) யாருக்கு என்று இரண்டு பேர் தனிமடலில் கேட்டார்கள். எல்லோருக்கும் தேவையில்லை. இளம் வயது, அடிபட்டவர், மாத்திரை கேட்காதவர், காரணம் புரியாதவர்.

செய்முறை: இருட்டான, கதவு பூட்டிய அறை. ரத்தக்குழாயை விரிக்கும் ஆல்புரோஸ்டடில் 10 முதல் 20 மைக்ரோகிராம், ஆணுறுப்பின் பக்கவாட்டில் ஊசி. அடிப்பகுதியில் கருவியை வைத்து இருபக்க உட்தமனியையும் 5, 10, 15, 20ஆவது நிமிடங்களில் அளக்க வேண்டும், கோணம் 60 டிகிரிக்குள். திரையில் முதலில் அலையின் உச்சியும் அடியும் (இதயம் தளரும் கட்டத்தின் வேகம்) சேர்ந்தே உயர்ந்து நிற்கும். மருந்து பிடிக்கப் பிடிக்க உச்சி ஊசிபோல எழும், அடி தரையைத் தொடும், முழு விறைப்பில் தரைக்குக் கீழேயும் இறங்கும். உச்ச வேகம் விநாடிக்கு 25 செ.மீ.க்குக் கீழே நின்றால் தமனியில் குறை. 35ஐத் தாண்டினால் தமனி நன்று. உச்சம் நன்றாக இருந்தும் அடி வேகம் 5ஐ விட்டு இறங்கவில்லை என்றால் சிரைக்கசிவு.

அடிக்கடி நடக்கும் தவறு, பதற்றத்தில் இருப்பவரை ஒரே தடவை பார்த்துவிட்டு "சிரைக்கசிவு" என்று எழுதுவது. அட்ரினலின் தசையை இறுக்கினால் அதே படம்தான் வரும். இன்னொரு ஊசி போட்டோ, வேறொரு நாளிலோ திரும்பப் பாருங்கள். ஊசிக்குப் பின் விறைப்பு இறங்காமல் அனுப்பாதீர்கள். நான்கு மணி நேரம் கடந்தால் அவசர நிலை.

25க்குக் கீழே வந்த அறிக்கையை எங்கள் துறையிலேயே வைத்துக்கொள்வது எனக்கு ஒப்புதல் இல்லை. அது இதய மருத்துவருக்குப் போக வேண்டிய காகிதம்.

11. கால்நாடி (ரத்தநாள அறுவை)

கால் நாடிகளை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். நடந்தால் புட்டமும் தொடையும் வலித்து, நின்றால் அடங்கி, கூடவே விறைப்பு இல்லை, தொடை நாடி தொட்டால் கிடைக்கவில்லை. மூன்றும் சேர்ந்தால் லெரிஷ் நோய்க்குறி; வயிற்றுப் பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் அடைப்பு. இதை இடுப்பு வாதம் என்று பல மாதம் தைலம் தேய்க்கிறார்கள். இரண்டு விரலை இடுப்பு மடிப்பின் நடுவே வைத்துப் பார்த்தால் அரை நிமிடத்தில் சந்தேகம் வந்துவிடும்.

கணுக்கால்-கை அழுத்த விகிதம் எடுங்கள். படுக்க வைத்துப் பத்து நிமிடம் கழித்து, கணுக்காலில் இரண்டு தமனியில் உயர்ந்ததை, இரண்டு கைகளில் உயர்ந்ததால் வகுக்க வேண்டும். 0.90 அல்லது அதற்குக் கீழ் என்றால் கால் தமனி நோய். 1.40க்கு மேல் போனால் நல்லது என்று நினைக்காதீர்கள், சுண்ணாம்பேறிய குழாய் அமுங்கவில்லை என்று அர்த்தம். சர்க்கரை நோயாளிகளுக்கு அப்போது கால் பெருவிரலில் அளக்க வேண்டும்.

12. குடும்பவைத்தியம்

ட்ரெட்மில் நார்மல் என்றால் இதயம் பத்திரம் என்று சொல்லி அனுப்பலாமா?

13. நாடித்துடிப்பு

கூடாது. இந்த இழையில் இதை மட்டுமாவது எல்லோரும் எடுத்துப் போங்கள். ட்ரெட்மில் கண்டுபிடிப்பது ரத்த ஓட்டத்தையே தடுக்கும் பெரிய அடைப்பை. நிறைய மாரடைப்புகள் பாதிகூட அடைக்காத, மெல்லிய தோல் போர்த்திய கொழுப்புப் படிவு வெடித்து, அதன் மேல் ரத்தம் உறைவதால் வருபவை. விறைப்புக் குறைபாடு நமக்குச் சொல்வது அந்த இரண்டாவது வகைக் குழாயைப் பற்றி. ட்ரெட்மில் தாளைப் பார்த்துவிட்டு அவர் மறுபடி சிகரெட்டைப் பற்றவைத்தால் அந்தப் பரிசோதனை தீங்குதான் செய்தது.

ஆபத்து நடுத்தரம் என்று கணக்கு வருபவருக்கு இதயத் தமனி சுண்ணாம்பு ஸ்கேன் பொருந்தும். விறைப்புக் குறைபாட்டையும் இதயத்தையும் பற்றி 2023இல் கூடிய நான்காவது பிரின்ஸ்டன் மாநாடும் இந்தத் திசையில்தான் பேசியது. ஊசியோ சாய மருந்தோ இல்லை. சுண்ணாம்பு மதிப்பெண் 100க்கு மேல் வந்தால் ஸ்டேட்டினைப் பற்றி இரண்டாவது யோசனை வேண்டாம். பூஜ்ஜியம் வந்தால் நல்ல செய்தி, ஆனால் நாற்பது வயதுக்காரரிடமும், புகைப்பவரிடமும், சர்க்கரை நோயாளியிடமும் முழு விடுதலை இல்லை. இளம் படிவில் சுண்ணாம்பு ஏறியிருக்காது.

14. இன்சுலின்பேனா

இங்கே கொஞ்சம் மாறுபடுகிறேன். சர்க்கரை இருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு ஸ்டேட்டின் எப்படியும் தர வேண்டியதுதான். ஸ்கேன் முடிவை மாற்றாது. ஸ்கேனுக்காகக் காத்திருந்து மூன்று மாதம் போகிறது, மருந்து தொடங்குவதில்லை. சர்க்கரை இல்லாத, முடிவெடுக்கத் தடுமாறும் ஆளுக்கு மட்டும் எடுங்கள்.

15. நாடித்துடிப்பு

ஒப்புக்கொள்கிறேன். அவருக்கு ஸ்கேன் வேண்டாம்.

உடலுறவு இதயத்துக்குப் பாதுகாப்பா என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதன் உழைப்பு 3 முதல் 4 மெட் (சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் உழைப்பு 1 மெட்). இரண்டு மாடி விறுவிறுவென்று ஏறி மூச்சு வாங்காமல், நெஞ்சு இறுகாமல் நின்றால் போதும். ஏற முடியாதவரை, சமீபத்தில் மாரடைப்பு வந்தவரை, ஓய்விலேயே நெஞ்சுவலி வருபவரை முதலில் நிலைப்படுத்திவிட்டுத்தான் மாத்திரை.

16. இன்சுலின்பேனா

மருந்தில்லாத பக்கம். 2004இல் இத்தாலியில் பருமனான 110 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். 55 பேருக்கு எடையில் பத்து சதவீதம் குறைக்க விரிவான வழிகாட்டல், 55 பேருக்குப் பொதுவான அறிவுரை. இரண்டு வருடத்தில் முதல் குழுவில் 17 பேருக்கு விறைப்பு இயல்புக்கு வந்தது, மற்றதில் 3 பேருக்கு. உடற்பயிற்சி என்றால் பேச முடியும், பாட முடியாது என்ற வேகத்தில் 40 நிமிடம், வாரம் நான்கு நாள், ஆறு மாதம். மூன்றாவது வாரத்தில் ஒன்றும் மாறவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். உள்படலம் அவ்வளவு சீக்கிரம் தேறாது, இதை முதல் நாளே சொல்லுங்கள். "உங்க இதயத்துக்காக சிகரெட்டை விடுங்க" என்பதைவிட "இதுக்கும் அதுக்கும் ஒரே குழாய்தான்" என்று சொன்னால் ஆள் நிமிர்ந்து உட்கார்கிறார்.

17. மருந்துப்பெட்டி

அவசரத்துக்கு ஒன்று. மாத்திரை போட்ட இரவில் நெஞ்சு வலித்தால்: நிறுத்து, உட்கார், ஆம்புலன்ஸ் கூப்பிடு, நாக்குக்கு அடியில் எதையும் வைக்காதே. தலை சுற்றினால் படுத்துக் காலை உயர்த்து. வருபவரிடம் மாத்திரையின் பெயரையும் போட்ட நேரத்தையும் வெட்கப்படாமல் சொல். இதை மாத்திரை உறையின் பின்பக்கமே எழுதிக் கொடுங்கள்.

18. குடும்பவைத்தியம்

மனைவியையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசலாமா? பலர் சங்கடப்படுகிறார்கள்.

19. சிறுநீரியல்மேசை

அவர் சம்மதித்தால் மட்டும். முதல் பத்து நிமிடம் அவரிடம் தனியாக, பிறகு இருவரும். பையில் இருக்கும் நைட்ரேட் மாத்திரையைப் பற்றிப் பெரும்பாலும் மனைவிக்குத்தான் தெரிந்திருக்கும். தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோயும் இந்தப் புகாரோடு அடிக்கடி சேர்ந்து வருகிறது. குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வருகிறதா என்றும் மனைவியிடம்தான் கேட்க வேண்டும்.